சிறிய அலுவலகத்துக்கு எந்த மெய்நிகராக்கத் தளம்?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் இருபது பேர் பணிபுரிகிறோம். இரண்டு சர்வர்களில் ஒன்றில் ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ 7 பதிப்பின் மேல் இரண்டு விண்டோஸ் சர்வர்களும் இரண்டு லினக்ஸ் சர்வர்களும் இயங்குகின்றன. மற்றொன்று சும்மா இருக்கிறது. இனி ஆண்டுச் சந்தாதான் வழி என்கிறார் விற்பனையாளர். ஹைப்பர்-வி, ப்ராக்ஸ்மாக்ஸ் இரண்டில் எதற்கு மாறலாம்? இரு சர்வர்களையும் கிளஸ்டராக, அதாவது ஒன்று நின்றால் மற்றது வேலையை ஏற்கும் தொகுப்பாக, இணைக்கலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: விற்பனையாளர் சொல்வது சரியே. 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கிய பிராட்காம், அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திவிட்டது. 7 பதிப்புக்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 2 அன்று முடிந்துவிட்டதால், சர்வர் நன்றாக ஓடினாலும் அதை அப்படியே விட்டுவைப்பது பாதுகாப்பல்ல.

விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு உரிமத்தைச் சர்வரின் எல்லா கோர்களுக்கும் (செயலியின் கணிப்பு அலகுகளுக்கும்) வாங்கியிருந்தால், அதில் இரண்டு விண்டோஸ் மெய்நிகர் கணினிகளை இயக்கலாம். ஹைப்பர்-வி அதனுடனேயே வருகிறது. லினக்ஸ் தெரிந்தவர் ஒருவரும் அலுவலகத்தில் இல்லையென்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் எந்தத் தளம் இருந்தாலும் விண்டோஸுக்கு இந்த உரிமம் வேண்டும் என்பதால், ப்ராக்ஸ்மாக்ஸுக்குப் போனால் அந்தச் செலவு மிச்சமாகும் என்று கணக்குப் போட வேண்டாம்.

ஆனால் உங்களிடம் ஏற்கெனவே இரண்டு லினக்ஸ் சர்வர்கள் இருப்பதால், அவற்றைப் பராமரிக்க ஆள் இருக்கிறார் என்றே கொள்கிறேன். அப்படியானால் என் பரிந்துரை ப்ராக்ஸ்மாக்ஸ்தான். டெபியன் என்ற லினக்ஸ் மீது, லினக்ஸின் கேவிஎம் மெய்நிகராக்க வசதி கொண்டு கட்டப்பட்ட இந்தத் திறமூல மென்பொருளைச் சந்தா இல்லாமலும் முழுமையாகப் பயன்படுத்தலாம். 8.2 பதிப்பு முதல் ஈஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து மெய்நிகர் கணினிகளை நேரடியாக இறக்குமதி செய்யும் வசதியும் உண்டு.

இறக்குமதியில் பலரும் தடுக்கி விழுவது விண்டோஸில்தான். பழைய இடத்தில் இருக்கும்போதே விஎம்வேரின் துணை மென்பொருளான விஎம்வேர் டூல்ஸை நீக்கிவிட்டு, ஐபி முகவரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மாறிய பிறகு விண்டோஸ் புதிய நெட்வொர்க் கார்டையே காணும். முதல்முறை வழக்கமான சாட்டா இணைப்பு வட்டாகவே துவக்கி, மெய்நிகர் வட்டுக்கும் நெட்வொர்க்குக்குமான விர்ட்ஐஓ டிரைவர்களை நிறுவி, சிறிய வெற்று வட்டு ஒன்றை விர்ட்ஐஓ ஸ்கஸி என்ற வட்டு இணைப்பில் இணைத்து, விண்டோஸ் அதை அடையாளம் கண்டபின் முதன்மை வட்டையும் அதற்கு மாற்றுங்கள். இந்தப் படிகளைத் தாண்டிக் குதித்தால் நீலத்திரைதான் மிஞ்சும்.

கிளஸ்டர் வேண்டாம். கிளஸ்டரில் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு வாக்கு; அது செயல்படப் பாதிக்கு மேல் வாக்குகள் வேண்டும். இரண்டே சர்வர்கள் என்றால் ஒன்று நின்றதும் மற்றதற்குப் பெரும்பான்மை வாக்கு கிடைக்காது. ஓடுபவை ஓடிக்கொண்டிருக்கும், நின்றுபோனதை அங்கே தொடங்க முடியாது. மூன்றாவது வாக்குக்குச் சிறு கணினி ஒன்றை வைக்கலாம் என்றாலும், இருபது பேருக்கு அதைவிட நம்பகமான பேக்கப்தான் முதல் தேவை. ஸ்னாப்ஷாட் (மெய்நிகர் கணினியின் அந்த நேரத்து நிலைப் பதிவு) அதே வட்டில் இருப்பதால் அது பேக்கப் ஆகாது.

எனவே சும்மா இருக்கும் சர்வரில் ப்ராக்ஸ்மாக்ஸை நிறுவி, நான்கையும் ஒவ்வொன்றாக அங்கே கொண்டுவாருங்கள். கணக்கு மென்பொருளும் கோப்புகளும் சரியாக இயங்குவது உறுதியான பிறகே பழைய சர்வரை அழித்து, அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை நிறுவுங்கள். அன்றே ஒரு மெய்நிகர் கணினியைப் பேக்கப்பிலிருந்து வேறு அடையாள எண்ணில் மீட்டு, நெட்வொர்க் இணைப்பைத் துண்டித்த நிலையில் துவக்கிப் பாருங்கள்.