வெட்டுத்தழும்பு மாதா – கடிதம்

அன்புள்ள ஐயா,

போலந்து போய்வந்ததைப் பற்றி நீங்கள் முன்பு எழுதிய ஒரு பக்கக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் பங்கிலிருந்து வருகிற ஆகஸ்டில் 42 பேர் போலந்துக்குத் திருயாத்திரை போகிறோம். பங்குத்தந்தையும் உடன் வருகிறார். பத்து நாள். வார்சாவில் இறங்கி செஸ்டோகோவா, கிராக்கோவ், இறை இரக்கத் திருத்தலம், வாடோவிட்சே, வியலிச்கா உப்புச் சுரங்கம், ஆஷ்விட்ஸ் என்று மொத்தம் பதினான்கு இடங்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

என் கணவர் இந்து. வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "கோயில் கோயிலாக ஏறி இறங்க இவ்வளவு பணமா? உனக்கு வேளாங்கண்ணி போதாதா?" என்கிறார். கூட வரவும் தயங்குகிறார். எனக்கே ஒரு சந்தேகம் இருக்கிறது. இது யாத்திரையா, யாத்திரை என்ற பெயரில் சுற்றுலாவா? அப்புறம், நாஜிகளின் கொலை முகாமான ஆஷ்விட்ஸ் எதற்கு ஒரு திருயாத்திரையில்? அன்றைக்கு மட்டும் ஹோட்டலிலேயே இருந்துவிடலாமா என்று பார்க்கிறேன்.

ஒரு வாசகி,
பாளையங்கோட்டை

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள அம்மா,

நான் போலந்துக்குப் போனது பக்தியினால் அல்ல. சித்திக்குத் துணை வேண்டியிருந்தது. டிக்கெட் அவளுடையது, பெட்டி தூக்குவது என்னுடையது. ஒரு பஸ், ஒரு ஃபாதர், பத்துப் பாட்டில் ஊறுகாய். ஞாயிற்றுக்கிழமைகூட ஒழுங்காகக் கோயிலுக்குப் போகாதவன் நான். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

செஸ்டோகோவாவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாதாவின் திரை மூடியிருந்தது. அங்குள்ள யாஸ்னா கூரா மடத்துச் சிற்றாலயத்தில் இருக்கும் மாதா படத்துக்கு உலோகத் தகட்டாலான ஒரு மூடி உண்டு. காலையில் ஏற்றுவார்கள், நண்பகலில் இறக்குவார்கள், மறுபடி ஏற்றுவார்கள். எங்களை அழைத்துப் போன ஏஜென்ட்டுக்கு அது தெரியவில்லை. அந்த ஊருக்கு அவர் ஒதுக்கியிருந்தது ஒன்றரை மணி நேரம். சாயங்காலத்துக்குள் கிராக்கோவ் சேர வேண்டும், பஸ் கிளம்புகிறது என்றார். சித்தி நகரவில்லை. "மாதா முகத்தைப் பார்க்காம நான் வரமாட்டேன், நீங்க போங்க" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் உட்கார்ந்தார்கள். பஸ் காத்திருந்தது.

பிறகு எக்காளமும் முரசும் ஒலிக்க மூடி மெல்ல மேலே ஏறியது. கருவறைத் திரை விலகும்போது நம் ஊரில் கூட்டம் எப்படி மூச்சை இழுக்குமோ, அதே சத்தம் அங்கேயும் கேட்டது. கறுத்த முகம், வலது கன்னத்தில் இரண்டு நீண்ட வெட்டு. 1430ல் மடத்தைக் கொள்ளையடித்தவர்கள் படத்தை வாளால் கீறி உடைத்துப் போட்டார்கள். கிராக்கோவில் அரசன் யாகெல்லோவின் அரண்மனையில் வைத்து அதைச் சீர்படுத்தினார்கள். படம் திரும்பி வந்தது, தழும்பு போகவில்லை. இன்றைக்கு வைரமும் மாணிக்கமும் அம்பரும் பதித்த அங்கிகளை மாதாவுக்கு மாற்றி மாற்றிச் சாத்துகிறார்கள். எந்த அங்கியைச் சாத்தினாலும் முகத்தில் அந்த வெட்டு தெரியும். சித்தி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பாவம், அடி வாங்கியிருக்கா" என்றாள். சாமியைப் பற்றிப் பேசுகிற குரலாக இல்லை அது. பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது.

உங்கள் கணவரிடம் சொல்ல வேண்டியது இந்த இடத்தில்தான் வருகிறது. 1795ல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தைப் பங்கு போட்டு முடித்தன. 1918 வரை, 123 வருடம், உலக வரைபடத்தில் போலந்து என்ற நாடே கிடையாது. அரசன் இல்லை, பாராளுமன்றம் இல்லை. நாங்கள் போலிஷ்காரர்கள் என்று எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து சொல்லிக்கொள்ள மிஞ்சியிருந்த சில இடங்களில் இந்த மடமும் ஒன்று. அதற்கு முன்பே 1655ல் சுவீடன் படை நாட்டின் பெரும்பகுதியைப் பிடித்தபோது, அகுஸ்டின் கோர்டெட்ஸ்கி என்ற மடத்துத் தலைவர் சுமார் 40 நாள் முற்றுகையைத் தாங்கி நின்றார். ராணுவக் கணக்கில் பெரிய சண்டை இல்லைதான். ஆனால் அடுத்த வருடமே அரசன் யான் காசிமிர், இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ் நகரத்தில் வைத்து, மரியாளைப் போலந்தின் அரசி என்று அறிவித்தான். அந்த மண்ணில் நாட்டு வரலாறும் செபமாலையும் ஒரே நூலில் கோத்தவை. வரலாறு தெரியாமல் அங்கே கும்பிட்டால் பாதிக் கும்பிடுதான். ஒரு வரலாற்று ஆசிரியர் கூட வருவது உங்கள் 42 பேருக்கும் அதிர்ஷ்டம்.

எனக்கு மிகவும் பிடித்த கதை அண்மைக்காலத்தியது. 1957ல் அந்தப் படத்தின் நகல் ஒன்றைப் பங்கு பங்காக ஊர்வலம் அனுப்பத் தொடங்கினார்கள். கம்யூனிஸ்ட் அரசு பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது. 1966, போலந்து ஞானஸ்நானம் பெற்ற ஆயிரமாவது ஆண்டு. அந்த வருடம் போலீஸ் வழிமறித்துப் படத்தை மடத்துக்கே கொண்டுபோய் வைத்து, வெளியே எடுக்கக்கூடாது என்று உத்தரவிட்டது. மாதாவைக் கைது செய்துவிட்டார்கள் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். ஆயர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வெறும் சட்டத்தை அனுப்பினார்கள். படம் இல்லாத காலிச் சட்டம், ஒரு மெழுகுவத்தி. ஆறு வருடம் ஊர் ஊராக அந்தக் காலிச் சட்டத்துக்கு முன்னால் மக்கள் மண்டியிட்டார்கள். 1972ல் ஒரு பாதிரியார் காவலை ஏமாற்றிப் படத்தை வெளியே கொண்டுபோனார். நாம் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்ட விளக்கும் பூவும் வைப்போம். அதை எடுத்துவிட்டே இன்னும் பெரிதாக்கலாம் என்பது அந்த அரசுக்கு உறைக்கவில்லை.

மடத்தை நடத்துகிறவர்களைப் பற்றி ஒரு சின்னச் செய்தி. அவர்கள் பாலைவனத்தில் தவம் இருந்த புனித பவுலின் பெயரில் அமைந்த சபை. நம் பக்கத்து ஊர்களில் கொடியேற்றி, அசனம் போட்டுத் திருவிழா நடத்தும் அதே வனத்துச் சின்னப்பர்தான். 1382 முதல் அவர்கள் அங்கே இருக்கிறார்கள். எங்கள் குழுவில் ஒருவருக்கும் இது தெரியாது. தெரிந்ததும் ஒரு பெரியவர், "அட, நம்ம ஆளு" என்றார். அதுவரை அவருக்கு அந்நியமாக இருந்த இடம் சட்டென்று சொந்தமாகிவிட்டது.

நீங்கள் ஆகஸ்டில் போகிறீர்கள். முடிந்தால் 14ஆம் தேதியை அங்கே வைக்கச் சொல்லுங்கள். 1711ல் வார்சாவில் கொள்ளைநோய் பரவியபோது நேர்ச்சையாகத் தொடங்கிய பாதயாத்திரை ஒன்று, 6ஆம் தேதி புறப்பட்டு ஒன்பது நாளில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நடந்து அன்றைக்கு வந்து சேரும். மறுநாள் மரியாளின் விண்ணேற்புத் திருவிழா. கூட்டம் நெரியும், அறை கிடைப்பது கஷ்டம், காசும் கூட ஆகும். ஆனால் வெயிலில் கறுத்து, காலில் கட்டுப் போட்டு, பாடிக்கொண்டே வரும் இருபது வயதுப் பிள்ளைகளைப் பார்த்தால், மாத இறுதியில் நம் சாலைகளில் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் நினைவுக்கு வருவார்கள். வேளாங்கண்ணி போதாதா என்ற கேள்விக்கு நான் வாதாடப் போவதில்லை. இரண்டையும் பார்த்தவர் வந்து சொல்லட்டும்.

அந்தத் தேதி முடியாவிட்டால் ஓர் இரவாவது அங்கே தங்குங்கள். தினமும் இரவு ஒன்பதுக்கு அந்தச் சிற்றாலயத்தில் ஒரு சிறு வழிபாடு நடக்கும். உன் அருகில் இருக்கிறேன், நினைத்திருக்கிறேன், விழித்திருக்கிறேன் என்று மரியாளிடம் சொல்கிற பாட்டு அதில் வரும். பகல் பஸ்களில் வருகிறவர்களுக்கு அது கிடைப்பதில்லை. சுவர்களையும் பார்க்க மறக்காதீர்கள். ஊன்றுகோல்கள், பவள மாலைகள், வெள்ளியில் செய்த இதயங்கள் என்று நேர்ச்சைப் பொருள்கள் கூரைவரை போகும். 1981ல் சுடப்பட்டபோது போப் இரண்டாம் ஜான் பால் கட்டியிருந்த ரத்தக்கறை படிந்த இடைக்கச்சையும், தொழிற்சங்கத் தலைவர் லேக் வவென்சாவின் 1983 நோபல் பதக்கமும்கூட அந்த மடத்தில் இருக்கின்றன.

கிராக்கோவில் உங்கள் குழு அதிகம் உருகப்போவது வாகெவ்னிகி இறை இரக்கத் திருத்தலத்தில்தான். நெஞ்சிலிருந்து சிவப்பும் வெளிறிய நிறமுமாகக் கதிர் பாயும் இயேசு படம் உங்கள் வீட்டிலும் இருக்கும். அந்தப் படம் ஃபவுஸ்தீனா என்ற கன்னியாஸ்திரீயின் காட்சியில் பிறந்தது. மூன்று வருடம்கூட முழுதாகப் பள்ளிக்குப் போகாதவர். மடத்தில் சமையல், தோட்டம், வாசல் காவல் என்று வேலை பார்த்து 1938ல், 33 வயதில் இறந்தார். இன்று மூன்று மணி ஆனதும் உங்கள் பங்கிலும் சொல்லப்படும் இறை இரக்க செபத்துக்கு வேர் அவர்தான். இந்தப் பக்திமுயற்சியை அவர் எழுத்துகளின்படி பரப்புவதற்கு 1959ல் வத்திக்கானே தடை போட்டது. 1978ல்தான் தடை நீங்கியது. அந்தச் சமயம் கிராக்கோவ் பேராயராக இருந்த வொய்த்திவாதான் சில மாதத்தில் போப் இரண்டாம் ஜான் பால் ஆனார். இளைஞராக இருந்தபோது மரச்செருப்பு மாட்டிக்கொண்டு சோல்வே ஆலை வேலைக்கு அந்த மடத்து வழியாகத்தான் அவர் போய்வந்தார். 2000ல் அவரே ஃபவுஸ்தீனாவுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். 2002ல் அங்கே கட்டிய புதிய பேராலயத்தையும் அவர்தான் அர்ச்சித்தார். புதியது எனக்குப் பெரிய மாநாட்டு மண்டபம்போல் இருந்தது. நீங்கள் பழைய மடத்துச் சிற்றாலயத்துக்குப் போங்கள். ஃபவுஸ்தீனாவின் எலும்புகளும் அந்த இயேசு படத்தின் புகழ்பெற்ற வடிவம் ஒன்றும் அங்கேதான் இருக்கின்றன.

வாடோவிட்சே அந்தப் போப் பிறந்த ஊர். 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தாரே, நம் பாட்டிமார் இரண்டாம் அருள் சின்னப்பர் என்று சொன்னார்களே, அவர்தான். அரை நாள் போதும். வியலிச்காவில் தரைக்கு 101 மீட்டர் கீழே உப்பிலேயே குடைந்த கிங்கா ஆலயம் நன்றாகத்தான் இருக்கும். முதல் இறக்கத்திலேயே 380 படிகள். முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளட்டும். கிராக்கோவ் சதுக்கத்தில் மரியன்னைப் பேராலயக் கோபுரத்திலிருந்து மணிக்கொரு முறை எக்காளம் ஊதி, பாதியில் சட்டென்று நிறுத்துவார்கள். தார்த்தாரியர் வந்தபோது ஊதியவன் கழுத்தில் அம்பு பாய்ந்ததாம். கதைதான். ஆனாலும் நிற்கிற அந்த நொடி நன்றாக இருக்கிறது.

சரி, ஆஷ்விட்ஸ். ஹோட்டலில் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் பட்டியலில் அது இருப்பதற்குக் காரணம் மாக்சிமிலியன் கோல்பே என்ற பாதிரியார். 1941 ஜூலை இறுதியில் ஒரு கைதி தப்பியதாகச் சொல்லி, பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒருவர், பிரான்சிஷேக் கயோவ்னிச்செக், மனைவி பிள்ளைகளை நினைத்துக் கதறினார். 16670ஆம் எண் கைதியான கோல்பே வரிசையிலிருந்து வெளியே வந்து, அவருக்குப் பதில் நான் போகிறேன் என்றார். இரண்டு வாரம் கழித்தும் உயிர் போகாததால் ஆகஸ்ட் 14 அன்று விஷ ஊசி போட்டார்கள். 11ஆம் கட்டடத்து நிலவறையில் 18ஆம் எண் அறை. உள்ளே போக முடியாது, கம்பிக்கு இப்பால் நின்று பார்க்கலாம். 1982ல் கோல்பேக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது கயோவ்னிச்செக் ரோமில் உட்கார்ந்திருந்தார். 1995 வரை, 93 வயது வரை இருந்தார். ஆனால் யாருக்காகக் கதறினாரோ அந்த இரண்டு மகன்களும் 1945ல் சோவியத் குண்டுவீச்சில் செத்துப்போயிருந்தார்கள். மறையுரையில் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அங்கே கொல்லப்பட்ட ஏறக்குறைய 11 லட்சம் பேரில் பத்து லட்சம் பேர் யூதர்கள். அது முதலில் அவர்களுடைய மயானம், கத்தோலிக்கத் திருத்தலம் அல்ல. 1984ல் கார்மேல் சபைக் கன்னியர் முகாமின் ஓரத்தில் மடம் அமைத்தபோது யூதர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பல வருட இழுபறிக்குப் பின் 1993ல் இரண்டாம் ஜான் பால்தான் அந்தக் கன்னியரை வேறிடம் போகச் சொன்னார். கோல்பே நடத்திய பத்திரிகைகளில் போருக்கு முன் யூதர்களுக்கு எதிரான எழுத்துகள் வந்ததுண்டு. அவர் தொடங்கிய நியெபோகலானூவ் மடம் போர் தொடங்கியதும் அகதிகளுக்கு இடம் கொடுத்ததும் உண்டு. அந்த அகதிகளில் யூதர்களும் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் அந்த மனிதரைப் பார்க்க வேண்டும். எங்கள் குழுவில் அந்த நிலவறைக்கு வெளியே சத்தமாகச் செபமாலை தொடங்கினார்கள். ஃபாதர் கையைக் காட்டி நிறுத்தினார். அந்தப் பயணத்தில் அவர் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

வார்சாவில் ஜோலிபோர்ஷ் பகுதியில் யெர்சி போபியெவுஷ்கோ கல்லறையை விடாதீர்கள். 1984 அக்டோபரில் ரகசியப் போலீஸ் கொன்ற பாதிரியார். கல்லறையைச் சுற்றிப் பாறைகளாலான செபமாலையைப் போலந்து வரைபடத்தின் வடிவில் போட்டிருக்கிறார்கள். பழைய நகரம் முழுக்கப் போருக்குப் பிறகு திரும்பக் கட்டியது. அங்கே மட்டும் தழும்பு தெரியாது. சார் வருவதாக இருந்தால் ஒகோட்டா பக்கம் 'நல்ல மகாராஜா சதுக்கம்' எங்கே என்று கேட்கச் சொல்லுங்கள். 1942ல் போலந்து அனாதைக் குழந்தைகளைத் தன் சமஸ்தானத்தில் வைத்துக் காப்பாற்றிய நவாநகர் (ஜாம்நகர்) மன்னரின் நினைவாக வைத்த பெயர்.

பதினான்கு இடத்தில் நான்கைந்தை வெட்டச் சொல்லி ஃபாதரிடம் இப்போதே பேசுங்கள். ஏஜென்ட்டிடம் கேட்டால் எல்லாம் முடியும் என்றுதான் சொல்வார். ஆஷ்விட்ஸுக்குக் குழுவாகப் போக முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் ஒவ்வொருவர் பெயரும் வேண்டும், சின்னக் கைப்பைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். ஆகஸ்டில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். சார் பெயரையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.