எடை இறங்குகிறது, தெம்பும் கூடவே இறங்குகிறதே?

கேள்வி: டயட் தொடங்கிப் பத்து நாளில் மூன்று கிலோ குறைந்தது. மாடி ஏறினாலே கால் துவள்கிறது. கொழுப்பு கரைவதால் வரும் அசதியா?

பதில்: அந்த மூன்று கிலோவில் கொழுப்பு கொஞ்சம்தான், பெரும்பங்கு தண்ணீர். கல்லீரலிலும் தசையிலுமாக 400, 500 கிராம் கிளைக்கோஜன் (உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரை) கையிருப்பு இருக்கும். ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்ததும் முதலில் காலியாவது இந்தக் கையிருப்புதான். படி ஏறும்போது தசை அவசரத்துக்குக் கைவைப்பதும் இதில்தான். தண்ணீரோடு உப்பும் வெளியேறுவதால் எழுந்து நின்றால் தலை கிறுகிறுக்கலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும்.

கேள்வி: நாலு மாதமாக தினம் 800 கலோரிதான். இப்போது எடையும் நின்றுவிட்டது, எந்நேரமும் குளிர்கிறது, படுக்கத்தான் தோன்றுகிறது. சோம்பேறி ஆகிவிட்டேனா?

பதில்: இல்லவே இல்லை. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், திடகாத்திரமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார். அவர்களுக்கும் குளிர், அசதி, எதிலும் பிடிப்பில்லாமை. அவர்கள் தினம் சாப்பிட்டதோ ஏறத்தாழ 1,570 கலோரி! நீங்கள் அதில் பாதி.

வரவு குறைந்தால் உடம்பு செலவைச் சுருக்கும். பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோன் இறங்கும், உடம்பின் வேகத்தைக் கூட்டும் தைராய்டு ஹார்மோன் டி3 இறங்கும். காலாட்டுவது, சும்மா எழுந்து நடப்பது எல்லாம் நமக்கே தெரியாமல் குறையும். எடை நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் 800 கலோரி வேண்டாம். செலவாவதைவிட சுமார் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் போதும். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால், தினமும் எடையில் கிலோவுக்கு 1.2 கிராமுக்குக் குறையாமல் புரதம், வாரம் இரண்டு நாள் எடைப்பயிற்சி. தசையை இழந்து இளைப்பதில் எனக்கு உடன்பாடே கிடையாது.

கேள்வி: அப்படியானால் இளைத்தால் சுறுசுறுப்பு வரும் என்பது பொய்யா?

பதில்: நிஜம்தான், கொஞ்சம் தாமதமாக வரும். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நாலு கிலோ பாரம் குறைகிறது. குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு தடைபடுபவர்களுக்கு, எடை இறங்க இறங்க அந்தத் தொல்லை குறைந்து நல்ல தூக்கம் வரும். பகல் அசதியும் விலகும்.

கேள்வி: சர்க்கரை மாத்திரை போடுகிறேன். ஆறு கிலோ குறைத்த பிறகு மதியத்தில் வியர்த்துப் படபடக்கிறது.

பதில்: அந்த நேரத்தில் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். பழைய எடைக்குத் தந்த அளவு இப்போது அதிகமாகியிருக்கலாம். அளவை மருத்துவர் மாற்றட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: அம்மா டயட் எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் ஆறு மாதத்தில் 60 கிலோவிலிருந்து 55. சோர்ந்தே இருக்கிறார்.

பதில்: இதற்கு நான் பதில் சொல்லக்கூடாது. முயற்சி இல்லாமல் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினாலே காரணம் தேட வேண்டும். சர்க்கரை, தைராய்டு, வேறெதுவாகவும் இருக்கலாம். இந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.