நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும்: மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 34. தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்த ஓராண்டில் மூன்று முறை சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் வந்தது. போய்விட்டு வந்த சிறிது நேரத்திலேயே மறுபடியும் போகவேண்டும் போல் இருக்கும். மாமியார் உடம்புச் சூடு என்று சொல்லி வெந்தயமும் மோரும் தருகிறார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையை நான்கு வேளை சாப்பிட்டால் முன்பெல்லாம் குறைந்துவிடும். இம்முறை குறையவில்லை. என்ன செய்வது?
— வாசகி, சென்னை

பதில்: உங்கள் மாமியார் சொல்வதை அடியோடு தள்ளிவிட முடியாது. சித்திரை, வைகாசி வெயிலில் உடலின் நீர் வியர்வையாகவே வெளியேறிவிடுவதால், சிறுநீர் அளவில் குறைந்து, அடர் மஞ்சளாகி, கழிக்கும்போது கடுக்கும். இரண்டு செம்பு தண்ணீரோ மோரோ குடித்துச் சிறுநீர் வெளுத்ததும் சில மணி நேரத்தில் அந்தக் கடுப்பு அடங்கிவிட்டால் அதற்கு மருந்து தேவையில்லை. ஆனால் நிறம் தெளிந்த பின்னும் எரிச்சல் தொடர்ந்தாலும், சொட்டுச் சொட்டாகப் போனாலும், அடக்க முடியாமல் ஓடவேண்டியிருந்தாலும், அடிவயிறு வலித்தாலும், இரத்தம் கலந்து வந்தாலும் தொற்று என்றே சந்தேகிக்க வேண்டும். வெள்ளைப்படுதலும் அரிப்பும் சேர்ந்திருந்தால் கோளாறு சிறுநீர்ப் பாதையில் இல்லாமல் பிறப்புறுப்பில் இருக்கலாம் என்பதால், அதையும் மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள்.

இத்தகைய தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஈ-கோலை என்ற பாக்டீரியா. குடலில் அது எல்லோருக்கும் இருப்பதுதான். அங்கிருந்து தோல் வழியாகச் சிறுநீர்த் துவாரத்தை அடைந்து, மேலேறிச் சிறுநீர்ப்பையின் உட்சுவரைப் பற்றிக்கொள்ளும்போதே நோய் உண்டாகிறது. ஆண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளம். பெண்களுக்கு 4 சென்டிமீட்டர்தான். தாம்பத்திய உறவின்போதும் கிருமி எளிதில் உள்ளே தள்ளப்படுகிறது. ஆகவே, தொற்று வந்த பெண்ணைச் சுத்தமில்லாதவள் என்று வீட்டில் குறை சொல்வது நியாயமற்றது.

உள்ளே நுழைந்த கிருமியை வெளியே தள்ள உடல் வைத்திருக்கும் முதல் வழி, சிறுநீரே அடித்துக்கொண்டு போவதுதான். கடைகளில் நிற்கும் பெண்களில் பலர், கழிப்பறைக்குப் போக நேரமோ வசதியோ இல்லாததால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. கேட்டுக்கொண்டு நிற்காமல் கழிப்பறைக்குப் போய்வரும் உரிமையும் அதே அளவு அவசியம் என்பது என் கருத்து. நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்துவந்த, அடிக்கடி தொற்றுக்கு ஆளான 140 பெண்களிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், கூடுதலாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 முறையும், பழையபடியே குடித்தவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. தண்ணீரைப் போல மலிவான மருந்து வேறில்லை; ஆனால் அது தடுப்பு மருந்துதான். வேரூன்றிவிட்ட தொற்றைத் தண்ணீரை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது.

இனி அந்த மாத்திரைக்கு வருகிறேன். எரிச்சல் நின்றதும் நான்கு வேளையோடு நிறுத்தினால் எளிதில் சாகும் கிருமிகள் மட்டும் செத்து, மருந்தைத் தாங்கியவை மிஞ்சுகின்றன. அடுத்த முறை பெருகுபவை அவைதான். நார்ஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின், செஃபிக்ஸிம் ஆகிய ஆன்டிபயாடிக் மருந்துகள் இவ்வாறு கேட்டவர்க்கெல்லாம் விற்கப்பட்டதால், நம் நாட்டில் ஈ-கோலை பெருமளவு அவற்றுக்கு மசிவதில்லை. அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு போட்டிருந்தால் அது மருத்துவர் சீட்டின்றி வாங்கக்கூடாத மருந்து என்று பொருள்.

எனவே இப்போது உங்களுக்கு வேண்டியது மாத்திரையை மாற்றுவதற்கு முன் ஒரு யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று பார்க்கும் பரிசோதனை. புதிய மருந்தின் முதல் வேளையை விழுங்கிய பிறகு எடுத்தால் கிருமி வளராமல் போய், ஒன்றுமில்லை என்று அறிக்கை வந்துவிடும். வீட்டுப் பாட்டிலைக் கழுவி எடுத்துப் போகாதீர்கள். ஆய்வகத்தில் தரும் கிருமி நீக்கிய குப்பியையே கேட்டு வாங்குங்கள். தண்ணீரால் கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடித்து, விளிம்பிலும் உட்புறத்திலும் விரல் படாமல் மூடி, இரண்டு மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். இரண்டு மூன்று நாட்களில் வரும் அறிக்கையில் மருந்துகளின் பெயர்களுக்கு எதிரே எஸ் என்றும் ஆர் என்றும் எழுத்துகள் இருக்கும். எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும். ஆர் என்றால் கட்டுப்படாது. எஸ் போட்டவற்றில் பட்டியலிலேயே வீரியமான ஊசியைக் கேட்பவர்கள் உண்டு. நானோ இருப்பவற்றில் எளிமையானதைத்தான் தேடுவேன். 1953 முதல் பயன்பாட்டில் இருக்கும் நைட்ரோஃபுரான்டாயின் இன்றும் சிறுநீர்ப்பைத் தொற்றுக்குச் சிறந்த மருந்துகளில் ஒன்று. வழக்கமாக 100 மில்லிகிராம் வீதம் இருவேளை, ஐந்து நாட்கள், சாப்பாட்டுக்குப் பின். சிறுநீர் பழுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். தண்ணீரில் கரைத்து ஒரே வேளை குடிக்கும் 3 கிராம் ஃபாஸ்ஃபோமைசினும் உண்டு. எதைத் தருவது என்பதை உங்கள் சிறுநீரகச் செயல்பாட்டையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

மருந்துக்கடையில் மாத்திரையோடு சேர்த்து நீட்டப்படும் காரத்தன்மையுள்ள சிரப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். அது எரிச்சலைத் தணிக்குமே தவிரக் கிருமியைக் கொல்லாது. அமிலத் தன்மையுள்ள சிறுநீரில்தான் நைட்ரோஃபுரான்டாயின் நன்றாக வேலை செய்யும் என்பதால், அந்தச் சிரப்பை அதனுடன் சேர்த்துக் குடிப்பது மருந்தின் வீரியத்தைக் குறைத்துக்கொள்வதாகும்.

ஓராண்டில் மூன்று முறை என்பது மீண்டும் மீண்டும் வரும் தொற்று என்ற வகையில் சேரும். ஆகவே சர்க்கரை அளவைப் பார்த்து, கல் இருக்கிறதா என்று ஸ்கேனும் எடுத்துக்கொள்வது நல்லது. குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி, வாந்தி இவற்றில் எது வந்தாலும் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். கல்ச்சர் அறிக்கைக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு 72 வயது, சர்க்கரை நோயாளி. முழு உடல் பரிசோதனையில் சிறுநீரில் பஸ் செல் (சீழ் அணுக்கள்) 10–12 என்றும், கல்ச்சரில் ஈ-கோலை வளர்ந்திருப்பதாகவும் வந்தது. அவருக்கு எரிச்சலோ காய்ச்சலோ இல்லை. மருத்துவர் மருந்து வேண்டாம் என்கிறார். இது அலட்சியம் இல்லையா?
— வாசகர், மதுரை

பதில்: இல்லை, மருந்து எழுதித் தருவதைவிட எழுதாமல் இருப்பதற்குத்தான் இங்கே அதிகத் துணிவு வேண்டும். வயதானவர்களில் பலருக்குச் சிறுநீரில் கிருமி எந்தத் துன்பமும் தராமல் குடியிருக்கும். சர்க்கரை நோயாளிகளிலும்கூட, தொந்தரவில்லாத அந்தக் கிருமிக்கு மருந்து கொடுப்பதால் பின்னால் வரும் தொற்று குறைவதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. மருந்தால் பேதியும், அடுத்த முறை எதற்கும் மசியாத கிருமியும் மிச்சமாகலாம். உண்மையில் அவருக்குக் கல்ச்சர் எடுத்ததே தேவையற்றது. கலங்கலாகவோ நாற்றமாகவோ போகிறது என்பது மட்டும் சிகிச்சைக்குக் காரணமாகாது. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதை வழியாக அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களும் இதற்கு விலக்கு.

நீங்கள் கவனிக்க வேண்டியவை வேறு. சிறுநீர் மெலிதாகப் போவதும், இரவில் பலமுறை எழுவதும், முழுமையாகப் போன உணர்வு இல்லாததும் ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியின் வீக்கத்தைக் காட்டலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளை அவர் உட்கொண்டால், சிறுநீரில் வெளியேறும் சர்க்கரையால் பிறப்புறுப்பில் பூஞ்சை வந்து அரிக்கலாம். அதைச் சிறுநீர்த் தொற்று என்று எண்ணி ஆன்டிபயாடிக் வாங்கக்கூடாது. காய்ச்சல் வந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்; சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீரகத் தொற்று மிக வேகமாக முற்றும்.

கேள்வி: மருமகளுக்கு ஐந்தாம் மாதம். எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். குழந்தைக்கு ஆகாது என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். சரியா?
— வாசகி, பொள்ளாச்சி

பதில்: தயவுசெய்து இன்றே மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாத்திரையைத் தொடங்கச் செய்யுங்கள் அம்மா. மேலே மதுரை வாசகருக்குச் சொன்னது உங்கள் மருமகளுக்குப் பொருந்தாது. கர்ப்ப காலத்தில் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்து விரிந்து, நீர் மெதுவாக ஓடுவதால், பேசாமல் இருக்கும் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிடும் ஆபத்து அதிகம். அப்படி ஏறினால் குறைப்பிரசவம் வரை போகலாம். கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன. எந்த மாதத்தில் எது ஆகாது என்பது மகப்பேறு மருத்துவருக்குத் தெரியும். மருந்து முடிந்ததும் கல்ச்சரை மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அதைத் தவறவிட வேண்டாம்.

கேள்வி: வயது 61. மாதவிடாய் நின்ற பிறகு ஆண்டுக்கு நாலைந்து முறை தொற்று வருகிறது. எட்டு மாதமாக இரவில் ஒரு நைட்ரோஃபுரான்டாயின் மாத்திரை சாப்பிடுகிறேன். கிரான்பெர்ரி சாறு குடித்தால் மாத்திரையை நிறுத்தலாமா? சில வாரங்களாக வறட்டு இருமல் வேறு படுத்துகிறது.
— வாசகி, திருச்சி

பதில்: கிரான்பெர்ரியால் மீண்டும் தொற்று வருவது ஓரளவு குறைகிறது என்று 2023-இல் வந்த விரிவான மதிப்பாய்வு ஒன்று கூறியது. வந்த தொற்றை அது குணப்படுத்தாது. கடையில் கிடைக்கும் சாறுகளில் சர்க்கரையும் அதிகம். உங்கள் வயதில் அதைவிடப் பலன் தருவது, பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு. அந்த ஹார்மோன் குறைந்ததும் அங்குள்ள நல்ல பாக்டீரியாக்கள் மறைந்து, ஈ-கோலை இடம்பிடித்துவிடுகிறது. 1993-இல் வெளியான ஆய்வொன்றில், களிம்பு தடவிய பெண்களுக்கு ஆண்டுக்குச் சராசரி 0.5 முறையும், வெற்றுக் களிம்பு தடவியவர்களுக்கு 5.9 முறையும் தொற்று வந்தது. மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்த இருமல்தான் எனக்குக் கவலை தருகிறது. நைட்ரோஃபுரான்டாயினை மாதக்கணக்கில் உட்கொள்பவர்களில் சிலருக்கு அது நுரையீரலைப் பாதித்து, வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் தரும். கவனிக்காமல் விட்டால் நிரந்தரத் தழும்பாகிவிடும். இருமல் மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டிராமல், இந்த வாரமே மருத்துவரிடம் மாத்திரை அட்டையைக் காட்டி, எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறீர்கள் என்பதைச் சொல்லி, மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையைத் தொடரலாமா என்பதை அவர் அதைப் பார்த்துச் சொல்லட்டும்.