9-ம் நம்பர் ஷூ போடுகிறவர் எந்த அளவு ஸ்கீ பூட் எடுக்க வேண்டும்?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். பிப்ரவரியில் நண்பர்களோடு குல்மார்க் போய்ப் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போகிறோம். எனக்கு 9-ம் நம்பர் ஷூ, பாதம் அகலம். ஸ்கீ பூட் என்ன அளவில் எடுக்க வேண்டும்? இங்கேயே பழைய பூட் ஏதாவது கிடைத்தால் வாங்கிக்கொண்டு போகலாமா?

பதில்: முதலில் அந்த 9-ஐ மறந்துவிடுங்கள். ஸ்கீ பூட்டின் அளவு சென்டிமீட்டரில் இருக்கும். மாண்டோபாயிண்ட் என்று பெயர். பாதம் 26.5 சென்டிமீட்டர் நீளம் என்றால் பூட்டும் 26.5. அவ்வளவு நேரடியான கணக்குதான், கோளாறு நம் பழக்கத்தில் இருக்கிறது.

பள்ளிக்கூட ஷூவிலிருந்தே "வளர்ற கால், ஒரு சைஸ் பெருசா கொடுங்க" என்று வாங்கிப் பழகியவர்கள் நாம். எம்.சி. ரோட்டில் சட்டை எடுத்தாலும் அதே பேச்சுதான். சென்னை வெயிலில் சாயங்காலம் கால் உப்பிவிடும் என்பதால், லூஸாக இருப்பதுதான் நல்ல ஷூ என்று மனதில் பதிந்துவிட்டது. அதனால் 9 போடுகிற பலருடைய பாதம் உண்மையில் 26.5, 27 என்றுதான் இருக்கும். நானும் வியாசர்பாடியில் வருஷக்கணக்காக 9 போட்டவன்தான். அளந்தால் 26.7 வந்தது. ஆனால் அளவு அட்டவணையில் 9-க்கு நேராக 28 அல்லது அதை ஒட்டித்தான் போட்டிருக்கும். அதை நம்பி எடுத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாகப் போய்விடும்.

வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள். சுவரை ஒட்டித் தரையில் ஒரு பேப்பர் போட்டு, குதிகால் சுவரில் படும்படி நில்லுங்கள். முழு எடையும் அந்தக் காலில் இருக்கட்டும். உட்கார்ந்துகொண்டு அளந்தால், நிற்கும்போது உள்வளைவு தட்டையாகிவிடுகிறவர்களுக்கு அளவு குறைத்துக் காட்டும். நீளமான விரல் நுனியில் கோடு போட்டு, சுவரிலிருந்து அளவெடுங்கள். பெருவிரல் மேட்டுக்கும் சுண்டுவிரல் மேட்டுக்கும் நடுவே உள்ள அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு காலையும் அளக்க வேண்டும், கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். வாடகைக் கடையில் பையன் நம்பர் கேட்டால், 9 என்று சொல்லாமல் சென்டிமீட்டரைச் சொல்லுங்கள்.

பெரும்பாலான கம்பெனிகளில் 26-க்கும் 26.5-க்கும் வெளிப் பிளாஸ்டிக் கூடு ஒன்றேதான். வித்தியாசமெல்லாம் உள்ளே இருக்கும் மெத்தை உறையில், அதாவது லைனரிலோ அதன் அடியில் போடும் அட்டையிலோதான். அதனால் அரை நம்பருக்காக மல்லுக்கட்ட வேண்டாம். 26.7 என்றால் 26.5 எடுங்கள். வாடகை பூட்டில் பல பேர் கால் போட்டு லைனர் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், நாளாக நாளாக இன்னும் லூஸாகும்.

ஏன் இவ்வளவு இறுக்கம் என்று கேட்பீர்கள். முழங்காலை மடக்கி, கெண்டைக்கால் எலும்பின் முன்பக்கத்தால் பூட்டின் நாக்கை அழுத்திக் காலைச் சாய்த்தால்தான் அடியில் இருக்கும் பலகை, அதாவது ஸ்கீ, திரும்பும். கால் உள்ளே நகர்ந்தால் நீங்கள் திரும்பிய பிறகுதான் ஸ்கீ திரும்பும், அதற்குள் விழுந்திருப்பீர்கள். இதைவிட முக்கியமாக ஒன்று. விரல் நகம் கறுத்துப்போனால் "பூட் சின்னது" என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். பெரிய பூட்டிலும் அது நடக்கும், அதுதான் அடிக்கடி நடப்பதும்கூட. குதிகால் பிடிமானம் இல்லாமல் சரிவில் கால் முன்னால் சறுக்கி, ஒவ்வொரு முறையும் விரல் பிளாஸ்டிக்கில் போய் இடிக்கும். வலிக்கிறதே என்று இன்னும் பெரிய பூட் கேட்டு வாங்கினால் இன்னும் வலிக்கும். குல்மார்க்கில் முதல் நாள் மாலையில் பூட் மாற்ற வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் இப்படிப் பெரிதாக மாற்றிக்கொண்டு போவதைப் பார்த்தேன்.

கடையில் செய்ய வேண்டியது இது. முடிந்தால் லைனரை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டு வெறும் கூட்டுக்குள் காலை விடுங்கள். விரல் முன்னால் லேசாகத் தொட வேண்டும். அப்போது குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர், அதாவது இரண்டு விரல் நுழைகிற இடம் இருந்தால், கற்றுக்கொள்கிறவருக்குச் சரி. மூன்று விரல் போனால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லைனரை எடுக்க ஒத்துக்கொள்ளவில்லையா, அப்படியே போட்டுப் பாருங்கள். நாக்கை நன்றாக விலக்கி, காலை உள்ளே இறக்கி, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, அது பின்னால் போய் உட்கார்ந்த பிறகு பக்கிள் போடுங்கள். முதலில் கணுக்கால் பகுதி, அப்புறம் மேலே. விரல் பக்கம் இருப்பது சும்மா மாட்டினால் போதும். நிமிர்ந்து நின்றால் விரல் முன்னால் உரச வேண்டும், முழங்காலை முன்னால் மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும், குதிகால் எழக்கூடாது. பத்து நிமிஷமாவது அதோடு நில்லுங்கள். கால் முழுக்க ஒரே சீரான இறுக்கம் என்றால் நல்லது. ஒரே இடத்தில் குத்தினாலோ மரத்துப்போனாலோ அந்த பூட் வேண்டாம்.

மரத்துப்போவதற்கு வேறு காரணமும் உண்டு: பாதத்தின் மேல்மேடு உயரமாக இருப்பவர்கள் அந்த இடத்துப் பக்கிளை முறுக்கிவிடுவார்கள். ஒரு பல் தளர்த்திப் பார்த்துவிட்டு அப்புறம் பூட்டைக் குறை சொல்லலாம்.

இனி அகலம். சின்ன வயதிலிருந்து வெறுங்காலும் ரப்பர் செருப்புமாகத் திரிந்த கால் முன்பக்கம் விரிந்துதான் இருக்கும். அதற்காக நீளத்தைக் கூட்டாதீர்கள். ஸ்கீ பூட்டில் அகலம் தனி அளவு. 26.5 பூட்டை வைத்து மில்லிமீட்டரில் சொல்வார்கள். 97, 98 என்றால் ஒடுக்கம், 100 நடுத்தரம், 102-லிருந்து 104 வரை அகலம். உங்களுக்கு இந்தக் கடைசி ரகம்தான். அதோடு ஃப்ளெக்ஸ் என்று ஒரு எண் இருக்கும், பூட் எவ்வளவு விறைப்பு என்பதற்கு. புதிதாகக் கற்கிறவருக்கு 60 முதல் 80 போதும், உடம்பு கனமானவர் 90 எடுக்கலாம். குளிரில் பிளாஸ்டிக் இன்னும் விறைக்கும். அறைக்குள் லேசாக மடங்கிய பூட், வெளியே போனதும் அடம்பிடிக்கும்.

பந்து ஆடுகிற கால் என்றால் கெண்டைச் சதை தடித்து, மேல் பக்கிள் எட்டாமல் போகலாம். பல பூட்களில் அந்தக் கொக்கியைத் தள்ளி மாட்ட இன்னொரு துளை இருக்கும். கடைக்காரரிடம் கேளுங்கள், ஸ்க்ரூட்ரைவர் வேலைதான்.

சாக்ஸ் ஒன்றுதான், மெல்லியது, முழங்காலுக்குக் கீழ் வரை வருகிற உயரம். கம்பளியோ சிந்தெட்டிக்கோ இருக்கட்டும், பருத்தி வேண்டாம், வேர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சென்னைக்காரருக்குக் குளிர் என்றாலே இரண்டு சாக்ஸ் போடக் கை போகும். இரண்டாவது சாக்ஸ் ரத்த ஓட்டத்தை நெருக்கிக் காலை இன்னும் சில்லிட வைக்கும். தெர்மல் பேன்ட்டை பூட்டுக்குள் திணிக்காதீர்கள், அந்த மடிப்பு கெண்டைக்கால் எலும்பில் தழும்பு போட்டுவிடும். நகத்தை ஊரிலேயே வெட்டிவிடுங்கள்.

பழைய பூட் விஷயத்துக்கு என் பதில்: வேண்டவே வேண்டாம். பர்மா பஜாரிலோ ஆன்லைனிலோ பளபளவென்று கிடைத்தாலும் சரி. இந்தக் கூடுகள் பெரும்பாலும் பாலியூரிதேன். காற்றில் இருக்கும் ஈரத்தோடு சேர்ந்து அது வருஷக்கணக்கில் உள்ளுக்குள் சிதையும், வெக்கை அதை வேகப்படுத்தும். ராயபுரத்துக் கடல்காற்றில் பரணில் கிடந்த பூட் வெளியே புதிதுபோல இருந்துவிட்டு, பனியில் மிதிக்கும்போது துண்டு துண்டாக உடையலாம். வாடகைக்கு எடுங்கள், பிடித்துப்போய் அடுத்த வருஷமும் போனால் புதிது வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அகலப்படுத்துகிற வேலையும் அதற்கென்று கருவி வைத்திருக்கும் இடங்களில் நடப்பது. பெரியமேட்டில் தோல் ஷூவைக் கட்டையில் ஏற்றி அசத்துகிற கைகள் உண்டு, ஆனால் இது தோல் இல்லை.

இன்னொன்று. நடுவில் பூட்டை மாற்றினால் ஸ்கீயையும் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். பூட்டின் குதிகால் பக்கம் 305, 315 என்று மில்லிமீட்டரில் அடித்தளத்தின் நீளம் பொறித்திருக்கும். பூட்டை ஸ்கீயோடு பிடித்து வைக்கிற பைண்டிங்கை அந்த நீளத்துக்கும் உங்கள் எடைக்கும் ஏற்றபடிதான் திருகி வைத்திருப்பார்கள். அதை மறுபடி சரிசெய்யாமல் வேறு பூட்டை மாட்டினால், விழும்போது கழல வேண்டியது கழலாமல் முழங்காலைத் திருப்பிவிடும். அவசரத்தில் "பரவாயில்லை, போங்க" என்பார்கள். திருகித் தரும்வரை அங்கேயே நில்லுங்கள்.