கையால் செய்யும் மலைச் சைக்கிள் பிரேம்: டெல்டாக்காரர் ஆர்டர் கொடுக்கலாமா?

கேள்வி: நான் மயிலாடுதுறையில் இருக்கிறேன், உயரம் 170 செ.மீ. அளவெடுத்துக் கையால் செய்யும் மவுண்டன் பைக் பிரேம் ஒன்றுக்கு ஆர்டர் கொடுக்க ஆசை. என்னென்ன சொல்லிச் செய்ய வேண்டும்? மலையே இல்லாத ஊரில் இருப்பவருக்கு இது தேவையா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோருக்குத் தேவையில்லை. எனக்குத் தேவைப்பட்டதற்குக் காரணம் என் கால்.

நான் கும்பகோணத்துக்காரன். உயரம் 183 செ.மீ., அதில் உள்கால் அளவு மட்டும் 91. வயலில் நிற்கிற நாரையைப் பிடித்துச் சைக்கிளில் ஏற்றிவிட்டது போல் இருப்பதாக வீட்டில் சொல்வார்கள். கடையில் கிடைக்கும் 'லார்ஜ்' பிரேமில் சீட்டை என் காலுக்கு ஏற்றபடி உயர்த்தினால், ஹேண்டில்பார் எங்கோ கீழே எட்டாத தூரத்தில் கிடக்கும். ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துப்போகும். மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாது. 'மீடியம்' எடுத்தால் கை எட்டும், ஆனால் முன்பக்கம் இன்னும் தாழ்ந்துவிடும். ஹேண்டில்பாரை உயர்த்த அதன் அடியில் ஸ்பேசர் வளையங்களை அடுக்கியும், அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மைத் தலைகீழாக மாட்டியும் பார்த்துச் சலித்த பிறகுதான் வெளிமாநிலத்தில் உள்ள ஒரு சிறு பட்டறைக்கு எழுதினேன்.

"சுவாமிமலையில் சிலைக்குத்தான் ஆர்டர் கொடுப்பார்கள், சைக்கிளுக்குமா?" என்று அம்மா கேட்டார். கேலிதான், ஆனால் ஒப்புமை சரியாகவே பொருந்தியது. அங்கே ஸ்தபதிகள் தென்னை ஓலைக் கீற்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து ஒவ்வோர் அங்கத்துக்கும் அளவு குறித்துக்கொள்வார்கள். ஒடியோலை என்று அதற்குப் பெயர். பிரேம் கட்டுபவரும் முதலில் கேட்பது அப்படி ஓர் ஓலையைத்தான். வெறுங்காலுடன் சுவரில் முதுகு ஒட்ட நின்று, தடித்த புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே சீட்டு அழுத்துகிற அளவுக்கு மேலே இறுக்கிப் பிடித்து, அதன் மேல் விளிம்பைச் சுவரில் குறித்தால் அதுதான் உள்கால் அளவு. கை நீளம், தரையில் உட்கார்ந்த நிலையில் தோள் உயரம், இப்போது ஓட்டும் வண்டியில் உட்கார்ந்து பக்கவாட்டில் எடுத்த படம் எல்லாம் அனுப்ப வேண்டும். எங்கே வலிக்கிறது என்பதையும் வெட்கப்படாமல் எழுதுங்கள். என் விஷயத்தில் மற்ற அளவுகளைவிட உள்ளங்கை மரத்துப்போவதுதான் அவருக்கு அதிகம் சொல்லியிருக்கிறது.

அளவைச் சரியாகக் கொடுத்த நான், ஆசையில் சறுக்கினேன். இணையத்தில் பார்த்த புதிய வண்டிகளைப் போல ஹெட் ஆங்கிள் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் தரையோடு செய்யும் கோணம், குறையக் குறையச் சாய்வு கூடும்) 65 டிகிரி வேண்டும் என்று எழுதினேன். "உங்கள் ஊரில் எந்த மலையில் இறங்கப்போகிறீர்கள்?" என்று ஒரு வரியில் பதில் வந்தது. ரோஷமாகிவிட்டது. அப்படிச் சாய்ந்த முன்பக்கம் உள்ள வண்டி ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி, சம்பா நட்டிருந்த வயல்களுக்கு நடுவே வரப்பில் ஓட்டிப் பார்த்தேன். செங்குத்தான இறக்கத்தில் வேகமாகப் போவதற்கென்று சாய்த்த கோணம் அது. மெதுவாகப் போகும்போது முன்சக்கரம் தன்பாட்டுக்கு ஒரு பக்கம் விழப் பார்க்கும். முப்பதடி போவதற்குள் வண்டியோடு சேற்றில் கிடந்தேன். வயல்காரர் முதலில் மிதிபட்ட நாற்றைப் பார்த்தார், பிறகு வண்டியைப் பார்த்தார். "மலை ஏறும் வண்டி என்கிறீர்கள், ஒரு வரப்பைத் தாண்டவில்லையே தம்பி" என்றார். நாலைந்து நாற்றை ஊன்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். கடைசியில் 67.5 டிகிரிக்கு ஒப்புக்கொண்டோம்.

மலைச் சைக்கிளுக்கென்றே கட்டிய முதல் பிரேம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, ஜோ பிரீஸ் 1977இல் கலிபோர்னியாவில் கையால் கட்டியது. அவருக்குப் பக்கத்திலேயே டமல்பயஸ் மலை இருந்தது. எனக்குப் பக்கத்தில் இருப்பது அணைக்கரைக்குப் போகும் கொள்ளிடக் கரை. ஆண்டுக்கு நாலைந்து தடவை பச்சைமலைக்கோ, 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைக்கோ போவேன். மற்ற நாளெல்லாம் கரையும் வரப்பும்தான்.

அடுத்ததாக நம் களிமண். இதைப் பட்டறைக்காரர் தானாகக் கேட்கமாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஐப்பசி மழையில் ஆற்றங்கரையில் ஓட்டியிருந்தால் தெரியும். மண் டயரில் அப்பும், அடுத்த சுற்றில் அதன் மேல் இன்னொரு படலம் அப்பும், பெடலுக்குப் பின்னால் இரண்டு செயின்ஸ்டே குழாய்களுக்கு நடுவே போய் அடைத்துக்கொண்டு சக்கரம் நின்றுவிடும். பழைய வண்டியில் பர்லாங்குக்கு ஒரு தடவை இறங்கி மூங்கில் சிம்பால் நோண்டியிருக்கிறேன். 2.4 அங்குல டயரின் அகலம் ஏறக்குறைய 61 மி.மீ. அதன் இருபுறமும் 12 மி.மீ. இடைவெளி கேட்டேன். சும்மா கிடைக்காது, ஏனென்றால் அந்தக் குழாய் டயருக்கும் முன்பல்சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் சந்தில்தான் போயாக வேண்டும். பல்சக்கரத்தை 30 பல்லோடு நிறுத்திக்கொண்டு, செயின்ஸ்டேயை 445 மி.மீ. ஆக நீட்டி, நெருக்கடியான இடத்தில் மட்டும் குழாய்க்குப் பதில் தட்டையான எஃகுப் பட்டை வைத்தார். செயின்ஸ்டே நீண்டால் முன்சக்கரத்தைத் தூக்கி வித்தை காட்டுவது கடினம். நான் காட்டுவதில்லை.

களிமண்ணுக்கு அண்ணன் வைக்கோல். அறுவடைக் காலத்தில் சாலையெல்லாம் வைக்கோல் கிடக்கும். ஒரு தை மாதம் கியர் மாற்றியில் அது சுற்றிக்கொண்டு, மாற்றியையே முறுக்கி ஸ்போக்குக்குள் இழுத்துவிட்டது. அதனால் பின் அச்சை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கும் டிராப்அவுட் (பிரேமில் அச்சு உட்காரும் இடம்) கேட்டேன். கியர் மாற்றி போனால் செயினை வெட்டிச் சுருக்கி, அச்சைப் பின்னே தள்ளி இறுக்கி, ஒற்றைக் கியரில் வீடு வந்து சேரலாம். இரண்டு தடவை அப்படி வந்திருக்கிறேன். பெடல் அச்சுக்கு மரை உள்ள 73 மி.மீ. கூடுதான் வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். மரையில்லாமல் அழுத்திச் செருகும் கூட்டில் தண்ணீரும் சேறும் புகுந்தால் சத்தம் போட ஆரம்பிக்கும். அதைக் கழற்றும் கருவி எல்லா ஊர்க் கடையிலும் இருக்காது. கேரியருக்கு மரைத்துளை கேட்டபோது பட்டறைக்காரர் சிரித்தார். வாழை இலைக் கட்டு எதில் வரும் என்று அவருக்குத் தெரியாது.

குழாய் குரோமோலி எஃகு, அதாவது குரோமியமும் மாலிப்டினமும் கலந்தது. முனைகளில் 0.8, நடுவில் 0.5 மி.மீ. கனம். அலுமினியப் பிரேமைப் பற்றவைத்த பிறகு முழுதாக உலையில் வைத்துப் பதப்படுத்த வேண்டும், சிறு பட்டறைக்கு அது சுமை. எஃகில் விரிசல் விட்டாலும் பித்தளை வைத்துக் கேஸ் வெல்டிங்கில் ஒட்டிவிடலாம். கை தேர்ந்தவரிடம் மட்டும் கொடுங்கள். இரும்புக் கேட் பற்றவைக்கிறவரிடம் கொடுத்தால் 0.5 மி.மீ. குழாய் பொத்தலாகிவிடும்.

எஃகின் எதிரி துரு, அது உள்ளேயிருந்து வரும். முதல் மழைக்காலம் முடிந்து சீட் கம்பியை உருவி, பிரேமைத் தலைகீழாகப் பிடித்தேன். அரை டம்ளர் பழுப்புத் தண்ணீர் கொட்டியது. பெடல் கூட்டின் அடியில் வடிகால் துளை போட மறந்திருக்கிறார்கள். என் பிரேமில் சைக்கிள் கடை அண்ணன் டிரில் வைத்த அந்த ஒரு நிமிடம் நான் வெளியே போய் நின்றுகொண்டேன். பிறகு காய வைத்து, எல்லாக் குழாய்களுக்குள்ளும் ஆளி விதை எண்ணெய் ஊற்றிச் சுழற்றி வடித்தோம். உங்கள் பக்கம் கடற்காற்று வேறு உண்டு. துளையை வரைபடத்திலேயே போடச் சொல்லுங்கள்.

வரைபடம் என்றதும் நினைவுக்கு வருகிறது. குழாய் வெட்டுவதற்கு முன் கையெழுத்துக்கு அனுப்புவார்கள். அதன் பிறகு எதையும் மாற்ற முடியாது. ஸ்டாக், ரீச் இரண்டையும் பாருங்கள். பெடல் அச்சின் மையத்திலிருந்து, பிரேமின் முன்குழாயான ஹெட் டியூபின் உச்சிவரை நேர் உயரம் ஸ்டாக், கிடைத்தூரம் ரீச். லார்ஜ் பிரேமில் எனக்கு ஸ்டாக் 620, ரீச் 470 மி.மீ. ஆக இருந்தது, இப்போது ஸ்டாக் 655, ரீச் 440. எந்த ஃபோர்க்கை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். ஃபோர்க் 20 மி.மீ. நீண்டால் ஹெட் ஆங்கிள் ஏறக்குறைய ஒரு டிகிரி சாய்ந்துவிடும். நான் 100 மி.மீ. அமுங்கும் ஃபோர்க் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன்.

பாதித் தொகை முன்பணம். தையில் கொடுத்தேன், மூன்று மாதம் என்றார்கள். மேட்டூரில் வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12க்குள் எப்படியும் வந்துவிடும் என்று மனக்கணக்குப் போட்டேன். தண்ணீர் வந்தது, குறுவை நட்டு அறுத்தார்கள், அதன் பிறகுதான் பிரேம் வந்தது. நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் செலவழித்தேன். எல்லாம் இப்போது சேற்று நிறம்தான்.

உங்களுக்கு 170 செ.மீ. என்றால், உள்கால் 78 முதல் 80க்குள் இருக்கும்பட்சத்தில் கடைப் பிரேமே பொருந்திவிடும். அந்தப் பணத்தில் நல்ல சக்கரம் வாங்குங்கள். அளந்து பார்த்து, அப்படி இல்லையென்றால் அளவுகளை இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன். என் வண்டியை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். கொடுப்பதில் தயக்கமில்லை, உங்கள் கால்தான் எட்டாது.