விண்கல்லில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தே சூரியக் குடும்பத்தின் தொடக்கத்தைச் சொல்ல முடியுமா?

முடியும். கொடைக்கானல்காரன் என்பதால் எங்கள் ஊர்க் கல்லை வைத்தே சொல்கிறேன். 1898-ல் பழனி மலையில் ஏறக்குறைய 16 கிலோ எடையில் ஓர் இரும்பு விண்கல் கிடைத்தது. விண்கல் பட்டியலில் அதன் பெயரே 'கொடைக்கானல்'தான். ஏரியையும் சாக்லேட்டையும் பார்க்க வருகிறவர்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை, எனக்கு அது பெரிய குறை.

முதலில் தொடக்கக் கதை. 1969-ல் மெக்சிகோவில் விழுந்த அயெந்தே கல்லுக்குள் கால்சியமும் அலுமினியமும் மிகுந்த வெள்ளைத் துணுக்குகள் உண்டு. இந்த வகைத் துணுக்குகளின் வயது சுமார் 456.7 கோடி ஆண்டு. சூரியக் குடும்பத்தில் உருவாகி நாம் வயது கண்ட திடப்பொருள்களில் மூத்தவை இவைதான். 1976-ல் அவற்றில் மக்னீசியம்-26 வழக்கத்தைவிட அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். அது அலுமினியம்-26 என்ற கதிரியக்க அலுமினியம் சிதைந்து வந்தது. இதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், வெறும் 7 லட்சம் ஆண்டுதான். அதாவது துணுக்கு உறைந்தபோது அலுமினியம்-26 இன்னும் தீர்ந்துபோகாமல் இருந்திருக்கிறது. அந்தச் சிதைவின் சூட்டில்தான் பல சிறுகோள்கள் உள்ளே உருகி, இரும்பு அடியில் இறங்க, பாறை மேலே நின்றது.

சரி, அப்படியானால் எங்கள் ஊர்க் கல் மட்டும் ஏன் இப்படி? இரும்பு-நிக்கலுக்கு நடுவே கண்ணாடி போன்ற சிலிக்கேட் (பாறைப் பொருள்) துளிகள் சிக்கிக் கிடக்கின்றன. பிரிந்துபோயிருக்க வேண்டியவை! 1967-ல் பர்னெட், வாசர்பர்க் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அந்தத் துளிகளில் ருபிடியம் எவ்வளவு ஸ்ட்ரான்ஷியமாக மாறியிருக்கிறது என்று அளந்தார்கள். வயது 380 கோடி ஆண்டுதான் வந்தது. இந்த மாற்றம்தான் வயது காட்டும் கடிகாரம்; கல் உருகினால் அது திரும்ப முதலிலிருந்து ஓடும். ஆக, மற்றதெல்லாம் ஆறி எழுபது கோடி ஆண்டுக்கு மேல் ஆன பிறகு ஏதோ ஒரு பெரிய மோதல் இதை உருக்கிக் கலக்கிவிட்டது என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம். (1976 கண்டுபிடிப்பிலும் வாசர்பர்க் இருந்தார்.)

அப்புறம், கறுப்பாகக் கனமாக இருப்பதெல்லாம் விண்கல் ஆகாது. பூம்பாறைப் பக்கம் பூண்டுக் காட்டில் தோண்டிய கல்லைத் தம்பி ஒருவன் கொண்டுவந்தான். "அண்ணே, காந்தம் ஒட்டுது, தேறுமா?" என்றான். பழைய ஸ்பீக்கர் காந்தம் 'டக்'கென்று ஒட்டத்தான் செய்தது. ஓரத்தை உடைத்தால் உள்ளே தேன்கூடு மாதிரி குமிழி ஓட்டை. உலையில் கழித்துப் போட்ட இரும்புக் கிட்டம். இப்போது அவன் வீட்டுக் கதவு காற்றில் அடிக்காமல் அண்டை கொடுத்து வைத்திருக்கிறான்.