எந்தத் தேதியில், யாருக்காக, எதற்காக? கம்பெனி மதிப்பீடு பற்றி வாசகர் கேள்வி பதில்

ஆடிட்டர்களும் நிதி ஆலோசகர்களும் அனுப்பிய கேள்விகளில் இந்த முறை பாதிக்கு மேல் கம்பெனி மதிப்பீட்டைப் பற்றியே இருந்தன. ஒரே விஷயத்தைப் பல பேர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: டிசம்பர் 31-ஐ மதிப்பீட்டுத் தேதியாக வைத்து ஒரு கம்பெனிக்கு மதிப்பீடு செய்தேன். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதற்குள் மார்ச் வந்துவிட்டது. நடுவில் அந்தக் கம்பெனியின் மிகப் பெரிய வாடிக்கையாளர் திவாலாகிவிட்டார் என்று செய்தி. இதைக் கணக்கில் எடுக்க வேண்டுமா, கூடாதா?

பதில்: செய்தி எப்போது வந்தது என்பதை விட்டுவிடுங்கள். டிசம்பர் 31 அன்று அந்தக் கம்பெனியை வாங்க ஒருவர் உட்கார்ந்திருந்தால், கணக்குகளைப் புரட்டி நாலு கேள்வி கேட்டிருந்தால், அவருக்கு இது தெரிந்திருக்குமா? அதுதான் அளவுகோல். அக்டோபரிலிருந்தே அந்த வாடிக்கையாளர் பில்லுக்குப் பணம் தராமல் இழுத்திருந்தால் அது வசூல் பட்டியலிலேயே தெரியும். அப்படியானால் அந்த ஆபத்து அன்றே மதிப்பில் இருந்தது. ஆனால் கவனியுங்கள், ஆபத்தாகத்தான் இருந்தது, நடந்து முடிந்த விஷயமாக இல்லை. மார்ச்சில் தெரிந்ததை வைத்து அந்த விற்பனையை முழுசாக அடித்துவிட்டால், அன்றைய வாங்குபவருக்குத் தெரியாத ஒன்றை நீங்கள் அவர் தலையில் ஏற்றுகிறீர்கள்.

கொரோனா நேரத்தில் எல்லோரும் முட்டிக்கொண்டது இங்கேதான். சீனாவின் வூஹானில் நிமோனியா பரவுவது உலக சுகாதார நிறுவனத்துக்கு முதலில் தெரியவந்தது 2019 டிசம்பர் 31. பெருந்தொற்று என்று அந்த நிறுவனம் அறிவித்தது 2020 மார்ச் 11. 2019 டிசம்பர் 31-இல் கணக்கை முடித்த கம்பெனிகளுக்குப் பொதுவாக அது பிற்பாடு நடந்த நிகழ்வுதான், குறிப்பில் சொல்லிவிட்டு விட்டார்கள். மூன்று மாதம் தள்ளி மார்ச் 31-இல் கணக்கை முடித்தவர்களுக்கு அந்த வசதி இல்லை.

இன்னொன்று, இது அடிக்கடி குழம்புகிற இடம். பேலன்ஸ் ஷீட் தேதிக்குப் பிறகு வாடிக்கையாளர் திவாலானால், அவரிடமிருந்து வரவேண்டிய பாக்கியைப் பொறுத்தவரை சர்வதேசக் கணக்கியல் தரம் ஐஏஎஸ் 10 பெரும்பாலும் கணக்கைத் திருத்தத்தான் சொல்கிறது. அது வரவேண்டிய பாக்கிக்கு. அடுத்த ஐந்து வருட விற்பனைக் கணிப்பை எப்படிப் போடுவது என்பது வேறு கேள்வி, அதைத் தனியாகக் கேட்டுத் தனியாக எழுத வேண்டும். எப்படி முடிவெடுத்தாலும் சரி, திவால் நடந்தது என்பதையும் அதை ஏன் சேர்த்தீர்கள் அல்லது ஏன் சேர்க்கவில்லை என்பதையும் ரிப்போர்ட்டில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஒரு ஸ்டார்ட்அப்புக்கு விற்பனையைப் போல இருபது மடங்கு மதிப்பு என்று பேப்பரில் படித்துவிட்டு, என் க்ளையன்ட் தன் கம்பெனிக்கும் அதே மடங்கைப் போடச் சொல்கிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது?

பதில்: அந்தச் செய்தியில் வந்த எண் எப்படிப் பிறந்தது என்று சொல்லிக் காட்டுங்கள். ஒரு முதலீட்டாளர் 10 கோடி போட்டு 10 சதவீதப் பங்கு வாங்குகிறார், உடனே "100 கோடி கம்பெனி" என்று தலைப்பு வந்துவிடுகிறது. ஆனால் அவர் வாங்கியது சாதாரணப் பங்கு அல்ல. கம்பெனி விற்கப்பட்டாலோ மூடப்பட்டாலோ அவர் போட்ட பணம் முதலில் அவருக்குத் திரும்ப வரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும், அடுத்த சுற்றில் விலை குறைந்தால் அவருக்குப் பாதுகாப்பு இருக்கும், இன்னும் என்னென்னவோ இருக்கும். அவ்வளவு உரிமையோடு வாங்கிய பங்கின் விலையை, அந்த உரிமை எதுவும் இல்லாத மற்ற எல்லாப் பங்குகளோடும் பெருக்கினால் கிடைக்கிற எண்ணைக் கம்பெனியின் மதிப்பு என்று சொல்ல முடியாது.

அலுவலக இடங்களை வாடகைக்கு விடும் வீவொர்க் கம்பெனியின் கதை எல்லோருக்கும் தெரியும். 2019 ஜனவரியில் 4,700 கோடி டாலர் என்றார்கள். பங்குச் சந்தைக்கு வர ஆவணங்களை வெளியிட்டதும் ஆட்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள், செப்டம்பரில் வெளியீடு நின்றது, அக்டோபரில் அதன் பெரிய முதலீட்டாளரான சாஃப்ட்பேங்க் காப்பாற்ற வந்தபோது மதிப்பு 800 கோடிக்கும் கீழே. 2023 நவம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அந்த ஜனவரி எண்ணை "ஒப்பிடத்தக்க கம்பெனி" என்று தன் அட்டவணையில் ஒருவர் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று க்ளையன்ட்டிடமே கேளுங்கள். மடங்கு என்பது வளர்ச்சி, ஆபத்து, லாப விகிதம் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் சுருக்கி வைத்தது. அந்த மூன்றும் ஒத்துப்போகாத கம்பெனியிலிருந்து மடங்கை மட்டும் கடன் வாங்க முடியாது.

கேள்வி: மத்திய வங்கி வட்டியைக் குறைத்தால் கம்பெனி மதிப்பு எவ்வளவு கூடும்? தோராயமாக ஒரு சூத்திரம் இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: சூத்திரம் இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. மத்திய வங்கி மாற்றுவது குறுகிய கால வட்டியை. நாம் தள்ளுபடி விகிதத்தை, அதாவது வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கிற விகிதத்தை, கட்டும்போது அடியில் வைப்பது பத்து, இருபது வருட அரசுக் கடன் பத்திரத்தின் வருவாயை. இரண்டும் ஒன்றாக நகர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2024 செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குள் அமெரிக்க மத்திய வங்கி மொத்தமாக ஒரு சதவீதப் புள்ளி குறைத்தது, அதே காலத்தில் பத்து வருடப் பத்திரத்தின் வருவாய் கிட்டத்தட்ட அதே அளவு ஏறியது! "வட்டி குறைந்தது, மதிப்பு ஏறியது" என்று அப்போது எழுதியவர்கள் தங்கள் மாடலில் இருந்த விகிதத்தைத் திறந்து பார்க்கவில்லை.

விகிதம் உண்மையிலேயே மாறினால் எவ்வளவு ஆடும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. அடுத்த வருடப் பணவரத்து 100, தள்ளுபடி 10 சதவீதம், நிரந்தர வளர்ச்சி 3 சதவீதம். தள்ளுபடியிலிருந்து வளர்ச்சியைக் கழித்து, 100-ஐ 0.07-ஆல் வகுத்தால் மதிப்பு சுமார் 1,429. தள்ளுபடியை 12 ஆக்குங்கள், 1,111 ஆகிவிடும், அதாவது 22 சதவீதம் போயிற்று. இப்போது தள்ளுபடியை மறுபடி 10-இல் வைத்து வளர்ச்சியை மட்டும் 5 ஆக்குங்கள், 2,000. யாரும் அந்த வளர்ச்சி எண்ணைக் கேள்வி கேட்பதில்லை, அது ஏதோ மாடலின் கடைசி வரியில் ஓரமாக உட்கார்ந்திருக்கும். ஒரு நாட்டின் பொருளாதாரத்தைவிட வேகமாக ஒரு கம்பெனி என்றென்றைக்கும் வளர்ந்துகொண்டே இருக்க முடியாது, அப்படி வளர்ந்தால் ஒரு நாள் அந்தக் கம்பெனியே பொருளாதாரமாகிவிடும். இன்னொருவர் செய்த மதிப்பீட்டைச் சரிபார்க்கக் கொடுத்தால் நான் முதலில் தேடிப் போவது அந்த வரியைத்தான்.

கேள்வி: க்ளையன்ட் முதலிலேயே ஒரு தொகையைச் சொல்லி, அதற்கு ஏற்ற மாதிரி ரிப்போர்ட் வேண்டும் என்கிறார். மதிப்பு கூடக்கூட ஃபீஸும் கூடும் என்கிறார்.

பதில்: வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மதிப்பைப் பொறுத்து மாறுகிற ஃபீஸ் வாங்கினால் உங்கள் ரிப்போர்ட்டை எதிர்த் தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் முடித்துவிடுவார், அதற்குப் பிறகு உங்கள் பழைய ரிப்போர்ட்டுகளையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள். அந்த க்ளையன்ட் போனால் போகட்டும்.

கேள்வி: குடும்பக் கம்பெனி ஒன்றின் எபிட்டாவை (வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபத்தை) எடுத்து மடங்கால் பெருக்கிவிட்டேன். சீனியர் ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். இதற்கு மேல் என்ன இருக்கிறது?

பதில்: உங்கள் சீனியர் நல்லவர். முதலாளி குடும்பம் நடத்தும் கம்பெனியில் லாப நஷ்டக் கணக்கு என்பது பாதி தொழில், பாதி குடும்பம். எபிட்டா 100 என்று இருக்கிறது, சரி. முதலாளி சம்பளமே எடுக்கவில்லை என்றால்? அவர் இடத்தில் வெளியாள் ஒருவரை மேனேஜராக வைத்தால் 30 ஆகும் என்று வையுங்கள், உண்மையான எபிட்டா 70. ஐந்து மடங்கு என்றால் 500 என்று நினைத்தது 350. இதற்கு நேரெதிராகவும் நடக்கும்: வேலைக்கே வராத உறவினர் நாலு பேர் சம்பளப் பட்டியலில் இருப்பார்கள், அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கட்டடம் முதலாளியின் சொந்தப் பெயரில் இருந்து வாடகையே கொடுக்காமல் ஓட்டினால் சந்தை வாடகையைக் கழிக்க வேண்டும். ஒரு தடவை மட்டும் வந்த காப்பீட்டுத் தொகை, வழக்குச் செலவு எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். ஆனால் எல்லா வருடமும் "ஒரு தடவைச் செலவு" வருகிறது என்றால் அது ஒரு தடவைச் செலவு இல்லை, அதைத் திரும்பக் கூட்டாதீர்கள்.

அப்புறம் இரண்டு விஷயம். எபிட்டா பணமல்ல, மூன்று வருடத்துக்கு ஒரு முறை இயந்திரம் மாற்ற வேண்டிய தொழிலில் அந்தச் செலவு எபிட்டாவில் தெரியவே தெரியாது. மடங்கால் பெருக்கி வருவது மொத்தத் தொழிலின் மதிப்பு, அதில் கடனைக் கழித்து, தொழிலுக்குத் தேவையில்லாமல் கிடக்கும் பணத்தைக் கூட்டினால்தான் பங்குதாரரின் மதிப்பு. கடனைக் கழிக்க மறந்த ரிப்போர்ட்டுகள் இன்றைக்கும் வருகின்றன.

கேள்வி: ஒரு கம்பெனியின் 20 சதவீதப் பங்கை மதிப்பிடும்போது, கம்பெனி மேல் கட்டுப்பாடு இல்லாததற்கு 20 சதவீதம், எளிதில் விற்க முடியாததற்கு 25 சதவீதம் கழித்து, மொத்தம் 45 என்று போடலாமா?

பதில்: கூட்டக் கூடாது, ஒன்றன்மேல் ஒன்றாகக் கழிக்க வேண்டும். 100-இல் 20 போனால் 80, அதில் கால் பங்கு போனால் 60. மொத்தக் கழிவு 40. ஆனால் அதற்கு முன்னால், கழிக்கலாமா என்பதே கேள்வி. விருப்பத்தோடு வாங்குபவர், விருப்பத்தோடு விற்பவர், இருவருக்கும் கட்டாயமில்லை, இருவருக்கும் விவரம் தெரியும், இந்த வரையறை அமெரிக்க வரித்துறையின் 1959-ஆம் வருடத்து 59-60 என்ற தீர்ப்பாணையில் இருக்கிறது, உலகம் முழுக்கப் பலரும் இதையொட்டியேதான் நியாயச் சந்தை மதிப்பைச் சொல்கிறார்கள். அந்த அடிப்படையில் கழிவு இயல்பானது. ஆனால் பெரும்பான்மைப் பங்குதாரர் சின்னப் பங்குதாரரை வெளியே தள்ளுகிற வழக்கில் நீதிமன்றம் கேட்கிற நியாய மதிப்பு வேறு, பல இடங்களில் அங்கே சிறுபான்மைக் கழிவை, அதாவது கட்டுப்பாடு இல்லாததற்கான கழிவை, ஏற்பதில்லை. விருப்பமே இல்லாமல் வெளியேறுகிறவரிடம் "உன் பங்கு சின்னது, அதனால் குறைத்துத் தருகிறோம்" என்பது அவரைத் தள்ளியவருக்கே பரிசு கொடுப்பதாகிவிடும். எனவே எந்த வரையறையில் மதிப்பிடச் சொல்கிறார்கள் என்று வேலையை ஒப்புக்கொள்ளும் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: குட்வில்லை (ஒரு கம்பெனியை வாங்கும்போது அதன் நிகரச் சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த தொகையை) கோடிக்கணக்கில் எழுதித் தள்ளினார்கள், அதாவது கணக்கில் மதிப்பைக் குறைத்தார்கள் என்று செய்தி வரும்போது "பணம் எதுவும் வெளியே போகவில்லை, வெறும் கணக்கு" என்கிறார்களே, சரியா?

பதில்: பணம் இன்று போகவில்லை என்பது சரி. அன்றே போய்விட்டது, வாங்கிய நாளில். 2019 பிப்ரவரியில் அமெரிக்க உணவுப் பொருள் கம்பெனி கிராஃப்ட் ஹைன்ஸ் 1,540 கோடி டாலரை எழுதித் தள்ளியது, கூடவே ஈவுத்தொகையையும் குறைத்தது, மறுநாள் பங்கு விலை 27 சதவீதம் விழுந்தது. வருங்கால வரவு நாங்கள் நினைத்த அளவு இல்லை என்று நிர்வாகமே கையெழுத்துப் போட்டுச் சொல்வதுதான் அந்த எழுதித் தள்ளல். அடுத்த தடவை இப்படிச் செய்தி வந்தால் தொகையோடு நிறுத்தாமல் ஆண்டறிக்கையின் குறிப்புகளுக்குப் போய், எந்த விகிதத்தையும் எந்த வளர்ச்சியையும் மாற்றினார்கள் என்று படியுங்கள். அதே துறையில் உங்கள் க்ளையன்ட் இருந்தால் அந்தப் பக்கம் தங்கம்.

கேள்வி: பங்குதாரர் இறந்தால் காப்பீட்டுப் பணத்தில் கம்பெனியே அவர் பங்கை வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தங்களைப் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதாமே. நமக்கு அதில் என்ன?

பதில்: நிறைய இருக்கிறது. 2024 ஜூன் 6-இல் வந்த கானலி வழக்கு, எல்லா நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பு. அண்ணன் தம்பி இருவர் வைத்திருந்த கட்டுமானப் பொருள் கம்பெனி. ஒவ்வொருவர் பெயரிலும் கம்பெனி 35 லட்சம் டாலர் காப்பீடு எடுத்திருந்தது. 77.18 சதவீதம் வைத்திருந்தவர் 2013-இல் இறந்தார், கம்பெனி காப்பீட்டில் வந்த பணத்திலிருந்து 30 லட்சத்தைக் கொடுத்து அவர் பங்கை வாங்கிக்கொண்டது. இறந்தவர் விட்டுச் சென்ற சொத்துக்கு வரி போட அந்தப் பங்கின் மதிப்பு என்ன என்பதுதான் வரித்துறையோடு வழக்கு. அந்த 30 லட்சத்தைச் சேர்க்காமல் கம்பெனி 38.6 லட்சம், அதில் அவர் பங்கு சுமார் 30 லட்சம் என்பது குடும்பத்தின் கணக்கு. வந்த 30 லட்சமும் பங்கை வாங்கத்தானே போகிறது, அது கடன் மாதிரி, இரண்டும் அடிபட்டுப் போகும் என்றார்கள்.

நீதிமன்றம் ஏற்கவில்லை. வெளியாள் ஒருவர் முழுக் கம்பெனியையும் அந்த நிமிடத்தில் வாங்கினால் அந்த 30 லட்சமும் அவருக்குத்தானே கிடைக்கும், பங்கை மீட்க வேண்டிய கடமை பங்குதாரர்களின் மொத்தச் சொத்தைக் குறைக்காது என்றது. எனவே கம்பெனி 68.6 லட்சம், இறந்தவர் பங்கு சுமார் 53 லட்சம், கூடுதல் வரி கிட்டத்தட்ட 8.9 லட்சம் டாலர். மதிப்பீட்டுத் தேதியில் கம்பெனி கையில் என்ன இருந்தது என்ற அதே பழைய கேள்விதான்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் நாட்டு வரிச் சட்டத்தைப் பார்க்காமல் இதை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் எனக்கு அந்த வழக்கில் மனதை உறுத்துவது வேறு விஷயம். அவர்கள் ஒப்பந்தத்தில், பங்கின் விலையை ஒவ்வொரு வருடமும் இருவரும் பேசி முடிவுசெய்து சான்றில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் வெளி மதிப்பீட்டாளர்களை வைத்து மதிப்பிட வேண்டும் என்று தெளிவாக இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. இறந்த பிறகு இருந்தவர்கள் தங்களுக்குள் ஒரு தொகையை ஒப்புக்கொண்டார்கள், ஒப்பந்த விலையை வரித்துறை ஏற்பதற்கு இருந்த வாய்ப்பும் போயிற்று. கம்பெனிக்குப் பதிலாகப் பங்குதாரர்களே ஒருவர் மேல் ஒருவர் காப்பீடு எடுத்து நேரடியாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டையும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது, அதிலும் பிரீமியம் யார் ஒழுங்காகக் கட்டுவார் என்ற தலைவலி உண்டு.

உங்கள் க்ளையன்ட்டுகளில் இப்படி ஒப்பந்தம் வைத்திருப்பவர்களின் கோப்பை இந்த மாதமே எடுங்கள். காப்பீடு யார் பெயரில், விலை எப்படி முடிவாகும், வருடாவருடம் கையெழுத்துப் போட வேண்டும் என்று இருந்தால் கடைசியாக எந்த வருடம் போட்டார்கள் என்று பாருங்கள்.